டாமியா 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9: ஒட்டுவதற்கு முன் ஒரு மதிப்பீடு

#1 | லோதி_காலனி

ஜப்பானின் டாமியா நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட 1/32 அளவு ஸ்பிட்ஃபயர் மார்க் 9சி (இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானம்) பிளாஸ்டிக் மாதிரிக் கிட்டின் முக்கிய உறுப்புகளை ஒட்டாமல் பொருத்திப் பார்த்து, வெர்னியர் காலிபரால் அளந்து முடித்திருக்கிறேன். வாங்கலாமா என்று தில்லி நண்பர்கள் பலரும் கேட்பதால் என் மதிப்பீட்டை இங்கே பதிகிறேன்.

வழக்கமான விமர்சனங்கள் எத்தனை ஸ்ப்ரூ (உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), எத்தனை உறுப்பு, உலோகத் தகடு உண்டா, இயந்திரம் உண்டா என்று பெட்டிக்குள் இருப்பதை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. பெரிய அளவு மாதிரிக்கு அந்தக் கணக்கு போதாது என்பது என் உறுதியான கருத்து. 1/72 அளவில் கண்ணில் படாமல் போகும் வடிவப் பிழை, 1/32 அளவில் அறைக்குள் நுழைபவரின் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். ஆகவே எல்லா மூடிகளையும் மூடி, வண்ணம் பூசி, அலமாரியில் நிறுத்திய பிறகு அது ஸ்பிட்ஃபயராகத் தெரிகிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் மூக்கில் இருக்கிறது. 1941 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 களத்துக்கு வந்து, ஸ்பிட்ஃபயரின் முந்தைய வகையான மார்க் 5ஐப் பின்னுக்குத் தள்ளியபோது, இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இயந்திரத்துக்குத் தரும் அமைப்பு) கொண்ட மெர்லின் 61 இயந்திரத்தை மார்க் 5இன் உடலில் ஏற்றி அவசரமாக உருவாக்கிய விமானமே மார்க் 9. 1942 ஜூலையில் 64ஆம் ஸ்குவாட்ரன் அதைக் களத்துக்குக் கொண்டுவந்தது. நீளமான இயந்திரம் வந்ததால் மூக்கு ஏறக்குறைய 9 அங்குலம் நீண்டது. 1/32 அளவில் அது 7 மில்லிமீட்டர். மார்க் 5இன் வார்ப்பை ஒட்டுப்போட்டு மார்க் 9 என்று விற்கும் கிட்டுகள் இந்த 7 மில்லிமீட்டரில்தான் அகப்பட்டுக்கொள்ளும். டாமியாவின் மூக்கு நீளமும் சரி, முன்கண்ணாடியிலிருந்து புரொப்பெல்லரின் முனைக்கூம்பான ஸ்பின்னர் வரை இறங்கும் மேல்கோடும் சரி, என்னிடமுள்ள வரைபடங்களோடு நன்றாக ஒத்துப்போகின்றன.

இறக்கைகளை உடலோடு சேர்த்துப் பிடித்து அளந்தால் 351 மில்லிமீட்டருக்கு மிக அருகில் நிற்கிறது. உண்மை விமானத்தின் 11.23 மீட்டரை 32ஆல் வகுத்தால் வருவதும் அதுதான். இறக்கை உடலைச் சந்திக்கும் இடத்தின் அடிப்பக்கத்தில் ஸ்பிட்ஃபயருக்கே உரிய அந்த வளைவு உண்டு. மலிவான கிட்டுகள் அதைத் தட்டையாக்கிவிடும், இங்கே அது முழுமையாக இருக்கிறது.

இனி சர்ச்சைக்குரிய பகுதி. இந்தக் கிட்டில் மெர்லின் இயந்திரம் முழுமையாக இருக்கிறது; மூக்கு மூடிகள் சிறு காந்தங்களால் ஒட்டிக்கொள்கின்றன; வேண்டும்போது கழற்றி இயந்திரத்தைக் காட்டலாம். கேட்பதற்கு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உண்மை விமானத்தின் மூக்கு மூடி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. கிட்டின் மூடியும் கையில் பிடித்தால் அதே 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான், அதாவது உண்மை அளவில் 32 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பக்கமும் அந்தத் தடிமனைக் கழித்து, காந்தங்களுக்கும் இடம் ஒதுக்கி, மிச்சமுள்ள இடத்தில் ஏறத்தாழ 780 மில்லிமீட்டர் அகலமுள்ள மெர்லினை, அதாவது 24 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு பொருளை, அடக்க வேண்டும். டாமியாவின் பொறியாளர்கள் இதை எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும், திறந்து மூடும் மூக்குக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை மூடிகளின் இணைப்புக் கோட்டில் தெரிகிறது. ஒரு முறை பொருத்தி ஒட்டிவிட்ட மூக்கில் வரும் இறுக்கம், நாள்தோறும் கழற்றி மாட்டும் மூக்கில் வராது.

ஆகவே என் மதிப்பீடு இது: வடிவத்துக்கும் பொருத்தத்துக்கும் மிக உயர்ந்த மதிப்பெண், காந்த மூடி ஏற்பாட்டை நான் தகுதியாகச் சேர்க்க மாட்டேன். கட்டுபவர் மூக்கைத் திறப்பதா மூடுவதா என்பதை முதல் உறுப்பை வெட்டும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

#2 | மயூர்விகார்_கட்டுநர்

அளவுகளை இவ்வளவு கவனமாகக் கொடுத்ததற்கு நன்றி, லோதி காலனி சார். ஆனால் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்க் 9 என்ற விமானம் இருப்பதற்கே காரணம் அந்த இயந்திரம்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 27 லிட்டர் கொள்ளளவு, 12 சிலிண்டர், அதன் பின்னால் அடுத்தடுத்து இரண்டு சூப்பர்சார்ஜர் கட்டங்கள், இடையில் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு, அதற்காகத்தான் இடது இறக்கைக்குக் கீழேயும் ரேடியேட்டர் பெரிதாகி இரு பக்கமும் ஒன்றுபோல் ஆயின. இதையெல்லாம் மறைத்து மூடிவிட்டால், மார்க் 5க்கும் 9க்கும் உள்ள வேறுபாடு 7 மில்லிமீட்டர் மூக்கும் நான்காவது புரொப்பெல்லர் இதழும் மட்டும்தான் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். பெரிய அளவில் கட்டுவதன் பயனே, சிறிய அளவில் காட்ட முடியாததைக் காட்டுவதுதான்.

மூடியின் தடிமன் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு வழி உண்டு. மூடியின் உள்விளிம்பை மட்டும் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கத்தியின் முதுகால் சுரண்டி, பிறகு 600, 1000 எண் உப்புத்தாளால் தேய்த்தால், திறந்து வைக்கும்போது விளிம்பு தகடு போலவே தெரியும். சாவ்ரி பஜாரில் நல்ல உப்புத்தாள் மலிவாகவே கிடைக்கிறது. விளிம்பு மட்டும் மெலிந்தால் போதும், மூடி முழுவதும் மெலிய வேண்டியதில்லை.

#3 | துவாரகா_மாணவன்

ஐயா, நான் இதுவரை 1/72, 1/48 அளவுகளில்தான் கட்டியிருக்கிறேன். பெரிய அளவுக்குப் போவதாக இருந்தால், 1/32க்குப் பதில் ஏர்ஃபிக்ஸின் 1/24 மார்க் 9சிக்கே நேரடியாகப் போய்விடலாமா? பெரியதில் இணைப்புகள் எளிதாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எங்கள் வீடு இரண்டு அறைகள் கொண்ட அடுக்ககம், அலமாரியின் ஆழம் 40 சென்டிமீட்டர்.

#4 | லோதி_காலனி

துவாரகா தம்பிக்கு: 1/24 அளவில் இறக்கை விரிவு 46.8 சென்டிமீட்டர் வரும். அலமாரிக்குள் சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். வேகமானிக்கான பிட்டோ குழாயும் பீரங்கிக் குழல்களும் கதவில் இடிபடும். 1/32 அளவு ஏறக்குறைய 35 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். இடத்தை விடவும் முக்கியமான ஒன்று உண்டு: அளவு கூடக் கூட, வெறுமையாக விட்ட பரப்பும் கூடும். 1/24 அளவில் விமானி அறையின் பக்கச்சுவரில் கம்பிகளும் குழாய்களும் இல்லாவிட்டால் அது காலி அறையாகத் தெரியும். அவற்றைச் சேர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். முதல் பெரிய கிட்டுக்கு 1/32 போதும்.

மயூர் விகார் நண்பருக்கு: விளிம்பைச் சுரண்டும் முறை நல்லதுதான், ஆனால் அது திறந்து வைப்பவருக்கு உதவும் முறை. சுரண்டிய பிறகு அதே மூடியை மூடினால், விளிம்பு ஊன்றி நிற்க இடம் குறைந்து, கோடு இன்னும் அகலமாகும். இரண்டும் ஒரே மூக்கில் நிறைவாக வராது என்பதுதான் என் வாதம். திறப்பவர் திறந்தே வைக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. கிட் இரண்டையும் ஒன்றாகத் தருகிறது என்று விளம்பரம் சொல்வதை மதிப்பீடு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

#5 | பழைய_ஏர்ஃப்ரேம்

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். விமானப் படையில் விமான உடல் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஸ்பிட்ஃபயரைத் தொட்ட தலைமுறை அல்ல, ஆனால் பிடிப்பான்களால் பூட்டும் மூடிகளோடு பல ஆண்டுகள் பழகியவன். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, உண்மை விமானத்தின் மூக்கு மூடியும் முழு இறுக்கமாக நிற்பதில்லை. நாள்தோறும் கழற்றி மாட்டும் தகடு, ஓரிரு மாதங்களில் விளிம்பில் நெளியும். பிடிப்பானைச் சுற்றி வண்ணம் உதிரும். இணைப்பின் வழியே எண்ணெய் கசிந்து பின்னால் கோடாக ஓடும். எனவே லோதி காலனி கவலைப்படும் கோடு ஓரளவுக்கு உண்மையானதே. கவலைப்பட வேண்டியது கோட்டின் அகலத்தைப் பற்றியல்ல, படி விழுவதைப் பற்றி. ஒரு தகடு அடுத்த தகட்டைவிட உயர்ந்து நின்றால், அது எந்தப் பராமரிப்பாளரும் ஏற்காத நிலை. நீங்கள் பொருத்திப் பார்த்தபோது விரல் நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் கோட்டில் இறங்கி ஏறினால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் தட்டினால் திருத்த வேண்டும்.

இரண்டாவது, தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகள். இதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, ஆனால் பெரிய அளவு கிட்டின் தரத்தை நான் முதலில் பார்ப்பது அங்கேதான். ஸ்பிட்ஃபயரின் மூல மாதிரியை முதலில் முழுவதும் சமதள ரிவெட்டுகளால் (தலை தகட்டோடு சமமாக அமர்பவை) கட்டினார்கள். அது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. எந்தெந்த இடத்தில் குமிழ்த்தலை ரிவெட்டு போட்டால் வேகம் கெடாது என்று அறிய, உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒட்டிப் பறந்து பார்த்தார்கள். எல்லா இடத்திலும் பருப்பு இருந்தபோது வேகம் மணிக்கு 22 மைல் வரை குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை நீக்கிச் சோதித்து, இறக்கையில் சமதள ரிவெட்டு கட்டாயம், பின்னுடலில் குமிழ்த்தலை போதும் என்று முடிவு செய்தார்கள். தொடக்க கால மார்க் 9இன் பின்னுடலில் குமிழ்த்தலைதான்; 1943 தொடக்கத்திலிருந்து பின்னுடலுக்கும் சமதள ரிவெட்டு வந்துவிட்டது.

இறக்கையின் முன்பகுதியிலோ நிலைமை வேறு. அங்கே தொழிற்சாலையிலேயே இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் புட்டியால் நிரப்பித் தேய்த்துத்தான் வண்ணம் பூசினார்கள். ஆகவே இறக்கையின் முன்விளிம்பிலிருந்து முதன்மைத் தண்டு வரை கிட்டில் காணப்படும் குழிவான ரிவெட்டு வரிசைகள், எவ்வளவு நுண்மையாக இருந்தாலும், புதிய விமானத்துக்குக் கூடுதல்தான். 5 மில்லிமீட்டர் ரிவெட்டுத்தலை 1/32 அளவில் 0.16 மில்லிமீட்டர், முதற்பூச்சான பிரைமர் இரண்டு பூச்சு போட்டால் பாதி மறையும், மறையவும் வேண்டும்.

#6 | மயூர்விகார்_கட்டுநர்

ஐயா, மிக்க நன்றி. நகத்தால் சோதிக்கும் முறையை இன்றிரவே செய்து பார்க்கிறேன்.

தில்லியின் பாலம் பகுதியிலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்கிறதே, ஞாயிற்றுக்கிழமை போய் அதைப் பார்த்து ரிவெட்டு, மூடிக் கோடு எல்லாவற்றையும் ஒப்பிடலாமா? தில்லியில் இருக்கும் நமக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு அது என்று நினைக்கிறேன்.

#7 | பழைய_ஏர்ஃப்ரேம்

கட்டாயம் போய்ப் பாருங்கள், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். பாலத்தில் காட்சிக்கு நிற்பது மார்க் 18. அதில் இருப்பது மெர்லின் அல்ல, கிரிஃபன். ஐந்து இதழ் புரொப்பெல்லர். அது சுழலும் திசையும் மெர்லினுக்கு எதிர்த்திசை. மூக்கின் மேல் இரு பக்கமும் சிலிண்டர் தலைகளுக்காக எழுந்த நீண்ட புடைப்புகள் உண்டு. விமானி அறைக்குப் பின்னால் முதுகு தாழ்ந்து, குமிழ்க் கண்ணாடி வைத்திருப்பார்கள். வால் சக்கரம் உள்ளிழுக்கும் வகை. இந்த மூக்கையும் பின்னுடலையும் பார்த்து 1942ஆம் ஆண்டு மார்க் 9ஐ யாரும் முடிவு செய்யக் கூடாது.

அங்கே கற்க வேண்டியவை வேறு. இறக்கையின் முன்விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பதைத் தலையைத் தாழ்த்தி முன்னாலிருந்து பாருங்கள். தரையிறங்கு கால்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதைப் பாருங்கள். சக்கரங்கள் முன்னாலிருந்து பார்க்கும்போது சற்றுச் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வு மாதிரியில் தவறினால் விமானத்தின் நிற்கும் தோரணையே கெடும். சுக்கானின் துணிப்பரப்பை நன்றாகப் பாருங்கள். மாதிரிகளில் விலா எலும்புகளுக்கு இடையே துணி தொங்குவதுபோல் வார்க்கிறார்கள். உண்மையில் டோப் என்ற இறுக்கும் பூச்சு பூசிய துணி மிருதங்கத் தோல் போல் விறைப்பாக இருக்கும், விலாக்களின் மேல் ஒட்டிய பட்டைகள் மட்டுமே சற்று எழுந்து தெரியும். அதே கூடத்தில் ஹரிகேனும் டெம்பெஸ்டும் நிற்கின்றன. ஹரிகேனின் பின்னுடல் முழுவதும் துணி என்பதால், துணிப்பரப்பைப் படிக்க அதுவே சிறந்த பாடம்.

#8 | லோதி_காலனி

ஏர்ஃப்ரேம் ஐயாவின் வேறுபாட்டை முழுமையாக ஏற்கிறேன். கோடும் படியும் வெவ்வேறு என்ற அளவுகோல் என் மதிப்பீட்டைக் கூர்மையாக்குகிறது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். பக்க மூடிகளுக்கும் அடி மூடிக்கும் இடையே கோடு மட்டும்தான், படி இல்லை. மேல் மூடி விமானி அறைக்கு முன்னுள்ள எரிபொருள் தொட்டி மூடியைச் சந்திக்கும் இடத்தில், வலப்பக்கம் மிக லேசாகத் தட்டுகிறது. காந்தம் அமரும் குழியில் வார்ப்புக் கசிவைச் சுரண்டியதும் அதுவும் குறைந்தது. இத்தனை உறுப்புகள் கொண்ட மூக்கில் இந்த அளவு துல்லியம் போற்றத்தக்கது. இருந்தாலும் அடுக்கடுக்காக வண்ணம் ஏறிய பிறகு இதே பொருத்தம் நிற்காது என்பதை மறக்க வேண்டாம். பிரைமர், அடிவண்ணம், உருமறைப்பு வண்ணம், பளபளப்புப் பூச்சு, டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்), மங்கல் பூச்சு என்று இரு விளிம்பிலும் ஏறினால், முன்பு வழுக்கிச் சென்று அமர்ந்த மூடி உரசி நிற்கும், உரசிய இடத்தில் வண்ணம் பெயரும். மூடி ஒட்டுமிடத்தின் விளிம்புகளை மாஸ்கிங் டேப்பால் மறைத்தே பூச வேண்டும்.

#9 | கரோல்பாக்_தூரிகை

வண்ணம் என்ற சொல் வந்துவிட்டதால் நானும் சேர்கிறேன். இந்த அளவில் வண்ண வேலையின் பெரும்பகுதி தில்லியின் வானிலையோடு நடக்கும் போராட்டம். மே, ஜூன் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷின் ஊசிமுனையிலேயே காய்ந்து, பரப்பில் மணல் தூவியதுபோல் விழும். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில துளிகள் சேர்த்து, காற்றழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் லாக்கர் வெளுத்துப் பூக்கும். தீபாவளிக்குப் பின் வரும் புகைமூட்டத்தில் பளபளப்புப் பூச்சின் மேல் தூசி படியாமல் காப்பது கடினம். பெப்ரவரியும் மார்ச்சும் எனக்குப் பிடித்த மாதங்கள். பெரிய கிட்டை அப்போது பூசும்படி திட்டமிடுங்கள். இன்னொன்று: வன்பொருள் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை ஏர்பிரஷ் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள்; பிரைமர் இல்லாத பாலிஸ்டைரீனின் மேல் பட்டால் பரப்பு வெடித்துக் கரையும்.

டீகால் தாள் துல்லியமாக அச்சாகியிருக்கிறது, ஆனால் டாமியா டீகால் சற்றுத் தடிமன் என்பது மாதிரிக்காரர்களிடையே பரவலான கருத்து. எழுத்துகளுக்கும் வட்டச் சின்னங்களுக்கும் மாஸ்க் வெட்டி வண்ணமாகவே பூசினால் இந்த அளவில் பலன் நன்றாகத் தெரியும். பின்னுடலைச் சுற்றி வரும் வெளிர்நிறப் பட்டையின் அகலம் 18 அங்குலம்; மாதிரியில் 14.3 மில்லிமீட்டர். இதை டீகாலால் சுற்றினால் அடிப்பக்க இணைப்பில் சுருக்கம் விழும், பூசினால் விழாது.

எனக்கு ஒரு கேள்வியும் உண்டு. பர்மா முனையில் பறந்த ஸ்பிட்ஃபயரை, முடிந்தால் நம் விமானப் படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் விமானத்தை, கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இந்த மார்க் 9 கிட்டை அதற்குப் பயன்படுத்தலாமா?

#10 | துவாரகா_மாணவன்

இதே கேள்வி எனக்கும் இருந்தது. சிவப்பு இல்லாத அந்த நீல வட்டச் சின்னம் மிகவும் பிடிக்கும்.

#11 | லோதி_காலனி

தூரிகை அம்மாவுக்கும் தம்பிக்கும்: அதற்கு மார்க் 9 வேண்டாம், மார்க் 8 வாங்குங்கள். டாமியா அதையும் இதே 1/32 அளவில் 2010இல் வெளியிட்டது. வெஞ்சென்ஸ் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த 8ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் மாறியது மார்க் 8க்குத்தான்; ஸ்பிட்ஃபயரைப் பெற்ற முதல் இந்திய ஸ்குவாட்ரன் அது. இரண்டு கட்ட மெர்லினுக்காக முறையாக வலுப்படுத்திய உடல் மார்க் 8; அவசரத்துக்குச் செய்த மார்க் 9 எண்ணிக்கையில் அதை முந்திக்கொண்டு 5,600க்கு மேல் உற்பத்தியானது, மார்க் 8 ஏறத்தாழ 1,650தான்.

வெளித்தோற்றத்தில் வேறுபாடுகள் தெளிவானவை. மார்க் 8இன் வால் சக்கரம் உள்ளே மடங்கும், அதற்குக் கதவுகள் உண்டு. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான்கள் குட்டையானவை. இறக்கையின் முன்விளிம்பில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் இருப்பதால் அங்கே மூடித் தகடுகளின் அமைப்பு மாறும். மூக்குக்குக் கீழே காற்று உள்வாங்கி நீளமானது, தூசி வடிகட்டியோடு சேர்ந்தது. மார்க் 9ஐ வெட்டி ஒட்டி இதைச் செய்வதில் பொருளில்லை. டீகாலைத் தனியே தேட வேண்டியிருக்கலாம். ஆனால் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியக் கட்டளையின் சின்னங்கள் அடர்நீலமும் வெளிர்நீலமும் கொண்ட வட்டங்களே, ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காகச் சிவப்பை நீக்கினார்கள். ஆகையால் மாஸ்க் வெட்டிப் பூசுவது எளிது. உருமறைப்பில் ஓஷன் கிரே என்ற சாம்பல் நிறம் வேண்டாம். அடர்பச்சையும் மண்பழுப்புமே அங்கே பெரிதும் பயன்பட்டவை.

மார்க் 9ஐயே கட்டுபவர்களுக்கு ஒரு சொல். எந்தத் தொடர் எண் கொண்ட விமானம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் புகைப்படத்தைத் தேடுங்கள். தொடக்க கால மார்க் 9இல் சுக்கானின் மேல்முனை வட்டமானது, பிற்காலத்தில் அகலமாகிக் கூர்மையானது. வாலின் கிடைப்பரப்பில் அசையும் எலிவேட்டரின் முனைப்பகுதியும், காற்று உள்வாங்கியின் நீளமும் அவ்வாறே மாறின. பெட்டியில் உள்ள விளக்கத்தாளை மட்டும் நம்பினால், 1942இன் டீகாலை 1944இன் உடலில் ஒட்டிவிட நேரும்.

இறக்கைகளை ஒட்டும்போது 6 பாகை மேல்நோக்கிய சாய்வுக்கு அட்டையில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி, இரு இறக்கைக்கும் கீழே வைத்து, பசை காயும்வரை அசைக்காமல் விடுங்கள். நான் மூக்கை மூடியே கட்டப் போகிறேன். இயந்திரத்தின் முன்பகுதியையும் தாங்கு சட்டத்தையும் மட்டும் கட்டி, புரொப்பெல்லர் அச்சுக்குப் பிடிமானம் தந்துவிட்டு, மேல் மூடியைப் பின்னாலிருந்து ஒட்டத் தொடங்குவேன். அப்போதுதான் தொட்டி மூடியோடு சேரும் இடத்தில் அந்தச் சிறு படியும் நீங்கும். மயூர் விகார் நண்பர் திறந்த மூக்கோடு கட்டுவதாகச் சொன்னார். இரண்டும் முடிந்ததும் படங்களை இங்கேயே இடுகிறோம்.